போரும் பெயரும்

(சென்னை, பட்டினப்பாக்கத்தில் நடைபெற்ற தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'போரும் பெயரும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. ஒரு போர் தொடங்கும் முன்னரே ஆட்சியாளர் அதற்கொரு பெயர் வைத்து விடுகின்றனர். அப்பெயரை ஏற்றுக்கொண்ட மக்கள், தம்மை அறியாமலேயே அப்போரையும் ஏற்றுக்கொண்டவர் ஆகின்றனர். எனவே, அமைதியை நாடுவோர்க்கு முதல் வேலை, அந்தப் பெயரை மறுத்து, நடந்ததை நடந்தபடி காட்டும் சொல்லை மக்கள் வாயில் வைப்பதே ஆகும். இவ்விரு சாரார்க்கும் இடையே நடக்கும் சொற்போட்டியை, நம் கண்ணெதிரே, நம் கடலுக்கு அப்பால், ஈழத்தில் நடந்து முடிந்த போரைக்கொண்டு விளக்க விரும்புகின்றேன்.

நான் தமிழாசிரியன். படைத்துறை அறியேன். என் கையில் உள்ள கருவி இலக்கணம் ஒன்றே. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று சிறு வகுப்பிலேயே கற்பிக்கின்றோமே, அம்மூன்றையும் கொண்டே ஒரு போர் அறிக்கையின் மெய்யையும் பொய்யையும் பிரித்தறிந்துவிடலாம் என்பதே நான் இன்று சொல்ல வந்த செய்தி.

பூச்சூடிய போர்கள்

போருக்குப் பெயரிடுவதில் நம் முன்னோர் பிறர்க்குப் பின்வாங்கியவர் அல்லர். தொல்காப்பியப் புறத்திணையியல் போரின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பூவின் பெயரை வைத்திருக்கின்றது. ஆநிரை கவர்தல் வெட்சி. பிறன் மண்ணின்மேல் ஆசைகொண்டு படையெடுத்தல் வஞ்சி. மதிலை முற்றுதல் உழிஞை. வலிமை காட்டப் பொருவது தும்பை. வெற்றி வாகை. இவற்றுள் வஞ்சிக்குச் சொல்லப்படும் கரணியத்தைக் கவனியுங்கள். மண்ணாசையால் நடக்கும் போர் என்றே இலக்கணம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகின்றது. அறத்தைக் காக்கச் சென்றான், அந்நாட்டு மக்களை விடுவிக்கச் சென்றான் என்றெல்லாம் பூசி மெழுகவில்லை.

இன்னொன்றும் உண்டு. நிரையைக் கவர்பவன் வெட்சி சூடினால், அதனை மீட்பவன் கரந்தை சூடுவான். மதிலை வளைப்பவன் உழிஞை சூடினால், உள்ளிருந்து காப்பவன் நொச்சி சூடுவான். ஒரே நிகழ்வுக்கு இரண்டு பக்கம், இரண்டு பூ, இரண்டு பெயர்! ஒரு போரை ஒருவன் பெயரால் மட்டுமே அழைத்தால் அது பாதி உண்மை என்பதைத் தமிழிலக்கணம் அன்றே அறிந்திருந்தது.

இதனால் நம் வேந்தர் பொய்யே சொன்னதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. முதலாம் இராசராசன் காலந்தொட்டுக் கல்வெட்டுகளின் தலைப்பில் மெய்க்கீர்த்தி பொறிக்கும் வழக்கம் நிலைபெற்றது. வென்ற நாடுகளின் பட்டியல் அதில் உண்டு. ஈழமும் அதில் உண்டு. அந்நாடுகளில் எரிந்த ஊர் எத்தனை, மாண்ட குடிகள் எத்தனை என்பது அதில் இல்லை. பெயரில் 'மெய்' இருக்கின்றது; கணக்கில் இல்லை. அரசு எழுதும் போர் வரலாறு எந்நாட்டிலும் எக்காலத்தும் இப்படித்தான் இருக்கும் என்பதற்கு இது நம் வீட்டுச் சான்று.

பூவைக் கவர்ந்த அரசுகள்

இனி ஈழத்துக்கு வருவோம். 1987-ஆம் ஆண்டு மே 26-இல் சிங்கள அரசு யாழ்ப்பாணத்து வடமராட்சியின்மேல் பெரும்படை கொண்டு பாய்ந்தது. அப்பாய்ச்சலுக்கு அது வைத்த பெயர் 'விடுதலை நடவடிக்கை'. எந்தச் சொல்லுக்காகத் தமிழிளைஞர் படை திரட்டினரோ, அந்தச் சொல்லையே எடுத்துத் தன் பீரங்கிக்குச் சூட்டிவிட்டது அரசு! சூன் 3-இல் இந்தியா படகுகளில் அனுப்பிய உணவுப்பொருள்களைச் சிங்களக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய வானூர்திகள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. அதற்குப் 'பூமாலை' என்று பெயர்.

பூமாலை விழுந்த எட்டாம் கிழமையில், சூலை 29-இல், இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் கொழும்பில் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். அடுத்த நாளே இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. அதன் பெயர் 'அமைதி காக்கும் படை'. அக்டோபர் 10 முதல் அப்படையே விடுதலைப்புலிகளோடு போரிடத் தொடங்கியது. அப்போருக்குக் காற்றைக் குறிக்கும் 'பவன்' என்னும் வடசொல் பெயராயிற்று. அக்டோபர் 21-இல் யாழ்ப்பாணப் பொது மருத்துவமனையினுள் அப்படை நுழைந்து சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் மாண்டனர். ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு இந்தியப் படைவீரரும் அம்மண்ணில் உயிரிழந்தனர். அவர்களும் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளே. அமைதி காக்கச் சென்ற படை போரிட்டு மீண்டபோது, பெயர் மட்டும் மாறவில்லை. 1990 மார்ச்சுத் திங்களில் எஞ்சியோர் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். அன்றைய தமிழக முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி அவ்வரவேற்புக்குச் செல்லவில்லை. அவர் செல்லாமை ஒரு சொல். அமைதி என்று பெயரிட்டதை அமைதி என்று ஏற்க மறுத்த சொல்.

அடுத்து நடந்தது இதனினும் நுட்பமானது. 1994-இல் சந்திரிகா அம்மையார் அமைதி கொணர்வேன் என்று சொல்லி ஒப்போலை கேட்டு வென்றார். 1995 சனவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஏப்பிரல் 19-இல் திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக் கலங்களைப் புலிகள் தகர்த்தனர். போர் மீண்டும் மூண்டது. அப்போது அரசு தன் போருக்கு வைத்த பெயர் 'சமாதானத்திற்கான யுத்தம்'. அவ்வாண்டிலேயே சிங்கள மக்களிடையே அமைதிக் கருத்தைப் பரப்புவதற்கென்று அரசே ஓர் இயக்கம் தொடங்கியது. அதன் பெயர் 'சுது நெலும்'. வெண்தாமரை என்பது பொருள்.

அவ்வாண்டு சூலை 9-இல், நவாலி தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மேல் சிங்கள வான்படை குண்டு வீசியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்டோபரில் கதிரொளி என்று பொருள்படும் 'ரிவிரச' என்னும் பெயரோடு யாழ்ப்பாணத்தின்மேல் படை நகர்ந்தது. அக்டோபர் 30-இல் புலிகளின் கட்டளைப்படி இலக்கக்கணக்கான மக்கள் ஒரே இரவில் குடாநாட்டின் வலிகாமத்தைவிட்டு வெளியேறினர். 1997-இல் தொடங்கிய அடுத்த போரின் பெயர் 'சயசிக்குறு'. உறுதியான வெற்றி என்பது பொருள். அவ்வெற்றியோ வரவேயில்லை, அது கைவிடப்பட்டது.

பெருமக்களே! பூமாலை, வெண்தாமரை, கதிரொளி என்று எவ்வளவு மென்மையான பெயர்கள்! நம் முன்னோர் சூடிய பூ, 'நான் கவர வருகின்றேன்' என்று பகைவனுக்கு அறிவித்தது. இவர்கள் சூடிய பூ, 'நான் கவர வரவில்லை' என்று உலகை நம்பவைத்தது. அமைதி நாடுவோரின் சொல்லையும் அவர்தம் பூவையும் அரசே எடுத்துச் சூடிக்கொண்டால், மெய்யாகவே அமைதி கேட்பவன் எந்தச் சொல்லால் கேட்பான்?

இது சிங்கள அரசின் தனிக்கண்டுபிடிப்பு அன்று. 2022 பிப்பிரவரி 24-இல் உக்கிரைன்மேல் படையெடுத்த உருசிய அரசு, அதனைச் 'சிறப்புப் படை நடவடிக்கை' என்றது. படையைப் பற்றிப் பொய்ச்செய்தி பரப்புவோர்க்குப் பதினைந்து ஆண்டு வரை சிறை என்று அடுத்த திங்களே சட்டம் செய்தது. எது பொய் என்று முடிவு செய்வதும் அவ்வரசே. பிரித்தானியாவில் முதல் உலகப்போரில் மாண்ட படையினர் நினைவாக 1921 முதல் மக்கள் ஒரு செம்பூவை நெஞ்சில் அணிகின்றனர். 'இனிப் போரே வேண்டா' என்று சொல்ல விரும்பிய கூட்டுறவு மகளிர் கழகத்தார் 1933-இல் அதே பூவை வெண்ணிறத்தில் செய்து அணிந்தனர். செம்பூவுக்கு எதிரே வெண்பூ! கரந்தையும் நொச்சியும் இன்னும் உலகில் வாழ்கின்றன என்க.

எழுவாய் எங்கே?

இனி, முடிவுப்போருக்கு வருவோம். 2006-ஆம் ஆண்டு மாவிலாற்றில் தொடங்கி, திருவள்ளுவர் ஆண்டு 2040 (கி.பி. 2009) மே 18-இல் முள்ளிவாய்க்காலில் முடிந்தது அப்போர். அதற்கு அரசு வைத்த பெயர் 'மனிதாபிமான நடவடிக்கை'. இச்சொல் காதில் விழும்போது ஏதோ மருந்தும் உணவும் வழங்கும் செயல் போலத் தோன்றுகின்றதன்றோ? இதனைத் தமிழாக்கிப் பாருங்கள். மாந்தர்மேல் அன்புகொண்டு செய்யும் படையெடுப்பு! தமிழில் சொன்னவுடன் சொல்லின் இரு பாதிகளும் ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன. வடசொல்லின் போர்வையில் ஒளிந்திருந்த முரண் தாய்மொழியில் வெளிப்பட்டுவிடுகின்றது. தனித்தமிழ் வெறும் மொழிப்பற்று என்று எள்ளுவோர்க்கு இதனையே விடையாகச் சொல்வேன். விளங்காத சொல்லில்தான் கொடுமை குடியிருக்கும். விளங்கும் சொல்லில் அதற்கு இடமில்லை.

2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளரும் பிற தொண்டு நிறுவனத்தாரும் வன்னியை விட்டு வெளியேறும்படி அரசு பணித்தது. சான்று சொல்லக்கூடிய கண்கள் முதலில் அகற்றப்பட்டன. 2009 சனவரி 20-ஐ ஒட்டி, ஏறத்தாழ 35 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பை அரசு 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவித்து மக்களை அதனுள் வரச் சொன்னது. பிப்பிரவரியில் மாத்தளன் கரையோரமாக 14 சதுரக் கிலோமீட்டர் அளவில் இரண்டாவது வலயம். மே 8-இல் இரண்டு சதுரக் கிலோமீட்டர் அளவில் மூன்றாவது வலயம். இவ்வலயங்களுள் அரசுப்படை எறிகணை வீசியது என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் அறிக்கை தந்தது.

புறநானூற்றில் நெட்டிமையார் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய பாட்டொன்று உண்டு. அம்புகள் பாயுமுன் ஆக்களையும் பார்ப்பாரையும் பெண்டிரையும் பிணியுற்றோரையும் மகப்பேறு அடையாதோரையும் காப்பிடம் சேர்க என்று அறிவித்துவிட்டே அவன் போர் தொடுத்தானாம். அங்கே அறிவிப்பு காப்பதற்கு. இங்கே அறிவிப்பை நம்பி ஓரிடத்தில் திரண்ட மக்கள்மேலேயே எறிகணை விழுந்தது.

'விழுந்தது' என்றேன். இச்சொல்லில்தான் சூழ்ச்சி இருக்கின்றது. 'எறிகணை விழுந்தது, மக்கள் இறந்தனர்' என்று செய்திகள் சொல்லும். முதல் தொடரின் எழுவாய் எறிகணை. அஃது உயிரற்ற பொருள். இரண்டாவது தொடரில் பயனிலை 'இறந்தனர்'. முதுமையால் இறப்பவனுக்கும் அதே சொல்தான். எய்தவன் எங்கே? இரு தொடரிலும் இல்லை! தோன்றா எழுவாய் என்று இலக்கணத்தில் கற்பிக்கின்றோம். சூழலைக்கொண்டு உய்த்துணர்க என்றும் சொல்லித் தருகின்றோம். போர் அறிக்கையில் எழுவாய் மறைவதோ, எவரும் உய்த்துணரலாகாது என்பதற்காக.

இன்னொரு சூழ்ச்சி, உயர்திணையை அஃறிணை ஆக்குவது. மக்கள் என்று சுட்டப்படுவோரே உயர்திணை என்பது தொல்காப்பியர் வகுத்த முதல் விதி. 'பக்க இழப்பு' என்றும் 'தவிர்க்க முடியாத சேதம்' என்றும் படைத்துறையினர் சொல்லும்போது, ஒரு தாயும் அவள் மடியிலிருந்த மகவும் அஃறிணை ஆகிவிடுகின்றனர். இறந்தவர்க்கு இழைக்கும் இரண்டாம் கொலை இது.

எஞ்சியோர் வவுனியாவில் செட்டிக்குளத்து மெனிக் பாமில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டனர். அதன் பெயர் 'நலன்புரிக் கிராமம்'. அதன் பகுதிகளுக்கு ஆனந்த குமாரசாமி, இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்று தமிழ்ப்பெருமக்களின் பெயர்களைச் சூட்டினர்! 2009 திசம்பர் வரை உள்ளிருந்தோர் தம் விருப்பப்படி வெளியே செல்ல இயலவில்லை. நலம் புரியும் ஊருக்கு முள்வேலி எதற்கு என்னும் வினாவுக்கு அப்பெயர்களுள் எதுவும் விடை சொல்லவில்லை.

கழித்தல் கணக்கு

சொல்லை மறைத்தவர் எண்ணையும் மறைத்தனர். 2009 தொடக்கத்தில் வன்னியில் சிக்கியிருந்தோர் ஏறத்தாழ 70,000 பேர் என்றது அரசு. போர் முடிந்தபின் முகாம்களுக்கு வந்தோரோ ஏறத்தாழ 2,90,000 பேர். 70,000 பேருக்கென்று அனுப்பிய உணவும் மருந்தும் எத்தனை நாளைக்குக் காணும்? குறைந்த எண் என்பது ஏட்டுப்பிழை அன்று. அது பசியாகவும் மருந்தில்லாப் புண்ணாகவும் மக்கள் உடம்பில் எழுதப்பட்டது.

2009 மே 13 வரையில் 7,721 பேர் கொல்லப்பட்டனர், 18,479 பேர் காயமுற்றனர் என்று ஐ.நா. பணியாளர் தொகுத்த கணக்கொன்று இருந்தது. அஃது அப்போது முறைப்படி வெளியிடப்படவில்லை. ஐ.நா. தன் கடமையில் தவறியதை அவ்வமைப்பின் உள் ஆய்வறிக்கையே 2012-இல் ஒப்புக்கொண்டது. மாண்டோர் 40,000 வரையிலும் இருக்கக்கூடும் என்று 2011-இன் வல்லுநர் குழு கூறியது. வன்னி மருத்துவமனைகளில் இறுதிவரை நின்று காயமுற்றோர் கணக்கை வெளியுலகுக்குச் சொன்ன அரசு மருத்துவர்களோ, போர் முடிந்ததும் சிறைப்பிடிக்கப்பட்டனர். சூலைத் திங்களில் கொழும்பில் செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டுத் தாம் முன்பு சொன்ன எண்களைத் தாமே மறுத்தனர். காவலில் உள்ளவன் வாய்ச்சொல்லுக்கு எழுவாய் அவன்தானா என்று நீங்களே கருதிப் பாருங்கள்.

இந்நிலையில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அடிகளார் செய்த செயலை நினைக்கின்றேன். 2011 சனவரியில், அரசே அமைத்த ஆணைக்குழு முன் அவர் சென்றார். பழிச்சொல் ஒன்றும் சொல்லவில்லை. அரசு அலுவலகக் கணக்குப்படி 2008 அக்டோபர்த் தொடக்கத்தில் வன்னியில் இருந்த மக்கள் 4,29,059. பின்னர் அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 2,82,380. கழித்தால் 1,46,679. 'இவர்களுக்கு என்ன நேர்ந்தது?' என்று கேட்டார். அனைவரும் இறந்தனர் என்று அவர் சொல்லவில்லை. விடை சொல்லுங்கள் என்றே கேட்டார். 2021 ஏப்பிரல் 1-இல் அவர் மறைந்தார். அவர் வினா மறையவில்லை. அமைதி இயக்கம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. எதிரியின் எண்ணையே எடுத்து, தொடக்கப்பள்ளிக் கணக்கைப் போட்டு, அவன் முன் வைப்பது!

சென்னையில் ஒரு நாள்

நம் நகரிலும் இச்சொற்போர் நடந்தது. 2009 ஏப்பிரல் 27-ஆம் நாள் காலையில், இங்கிருந்து கூப்பிடு தொலைவில் உள்ள கடற்கரையில், அண்ணா நினைவிடத்தருகே முதலமைச்சர் கருணாநிதி உண்ணாநோன்பு தொடங்கினார். சில மணி நேரத்தில், போர் நின்றுவிட்டது என்னும் செய்தி கிடைத்ததாகச் சொல்லி நோன்பு முடிக்கப்பட்டது. நாடெங்கும் 'போர்நிறுத்தம்' என்னும் சொல் பரவியது. கொழும்பு வெளியிட்ட அறிக்கையில் இருந்ததோ வேறு. படை நடவடிக்கை முடியும் நிலையை எய்திவிட்டது; இனிப் பெரும்பீரங்கிகளையும் போர் வானூர்திகளையும் பயன்படுத்தமாட்டோம் என்பதே அது.

அவ்வறிக்கையைப் பொருளுணர்ந்து படித்திருந்தால் இரண்டு உண்மைகள் விளங்கியிருக்கும். ஒன்று, போர் நிற்கவில்லை. மற்றொன்று, இனிப் பயன்படுத்தமாட்டோம் என்பவன் அதுவரை பயன்படுத்தினான் என்பது. மறுத்து வந்த குற்றத்தை அரசு தன் வாயாலேயே சொல்லியிருந்தது! நாமோ அதனை வெற்றிச்செய்தி என்று படித்தோம். எறிகணை தொடர்ந்தபோது மழைவிட்டும் தூவானம் விடாததை முதலமைச்சர் உவமையாகச் சொன்னார். மே 13-இல் தமிழகத்தில் ஒப்போலைப் பதிவு நடந்தது. அதன்பின் ஐந்தே நாளில் எல்லாம் முடிந்தது.

அவ்வாண்டு சனவரி 29-இல் சாத்திரி பவன் முன்னே முத்துக்குமார் என்னும் இளைஞர் தம்மைத் தீக்கிரையாக்கிக் கொண்டார். அவர் விட்டுச்சென்ற நீண்ட அறிக்கை எழுத்தறிவும் உலகறிவும் நிறைந்த ஒன்று. இளந்தோழர்களே! ஓர் ஆசிரியனாக உங்களைக் கெஞ்சிக் கேட்கின்றேன். அந்த அறிக்கையை எழுதிய கை இன்றும் எழுதிக் கொண்டிருந்தால் எத்தனை பொய்களை அது கிழித்திருக்கும்! இம்மொழிக்கு உங்கள் உயிர் வேண்டும். உங்கள் சாவு வேண்டா.

சொல்லுக்காகச் சிறை சென்றோரும் உண்டு. திசநாயகம் என்னும் தமிழ்ச் செய்தியாளர் தம் கட்டுரைகளில் எழுதிய சில தொடர்களுக்காக 2009 ஆகத்து 31-இல் இருபது ஆண்டுச் சிறை பெற்றார். உலகத்தார் குரலால் பின்னர் விடுதலையானார். சிங்களர்களுள்ளும் அறம் பேசியோர் உண்டு. கொழும்பு இதழாசிரியர் இலசந்த விக்கிரமதுங்க 2009 சனவரி 8-இல் நடுத்தெருவில் கொல்லப்பட்டார். எதிர்ச்சொல் உரைத்தோரை நாம் இனம் பார்த்து மறத்தல் ஆகாது.

கோவூர்கிழார் காட்டிய வழி

இலக்கணம் ஒருவர்க்கு ஒன்று, மற்றவர்க்கு வேறொன்று என்று இல்லை. எழுவாயை அரசிடம் கேட்கும் நாம், நம்மவரிடமும் கேட்டாக வேண்டும். மக்கள் தப்பியோட முயன்றபோது புலிகள் தடுத்ததும், சுட்டதும், சிறுவரைக் கட்டாயமாகப் படையில் சேர்த்ததும் அதே வல்லுநர் குழுவின் அறிக்கையில் உள்ளன. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து தமிழ் பேசும் முசுலிம் மக்கள், சில மணி நேரமே கொடுக்கப்பட்டு, புலிகளால் துரத்தப்பட்டனர். இதனை 'வெளியேறினர்' என்று எழுதுவோர் உண்டு. 'வெளியேறினர்' என்பது தன்வினை. 'வெளியேற்றப்பட்டனர்' என்று திருத்தி எழுதுவதே இலக்கணம், அதுவே அறமும்கூட. நம் மேடைகளில் இது பேசப்படுவதில்லை. ஒரு கண்ணால் அழும் மக்களை உலகம் நம்பாது.

சங்கப் புலவர் கோவூர்கிழாரை நினைந்து பாருங்கள். சோழர் இருவர், நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும், தமக்குள் பொருதபோது அவர் இருவரிடமும் பேசினார். ஆவூர்க் கோட்டைக்குள் அடைந்துகிடந்த நெடுங்கிள்ளியிடம், உள்ளே பாலின்றிக் குழந்தைகள் அலறுவதையும், பெண்டிர் பூவின்றி வெறுந்தலை முடிப்பதையும், நீரின்றி வீடுகள் வருந்துவதையும் எடுத்துச் சொன்னார். அறமாயின் கதவைத் திற, மறமாயின் வெளிவந்து பொருது, இரண்டுமின்றி மக்களை உள்ளே வைத்துக்கொண்டு மதிலுக்குப் பின் ஒளிவது நாணத்தக்கது என்றார். பின்னர் உறையூரை முற்றியிருந்த நலங்கிள்ளியிடம், எதிரி சூடியிருப்பது பனையும் அன்று, வேம்பும் அன்று, நீ சூடிய ஆத்தியே அவனும் சூடியிருக்கின்றான், எவன் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்றார்.

வளைத்தவனிடம் ஒரு சொல், வளைப்புக்குள் மக்களை வைத்திருந்தவனிடம் ஒரு சொல். வன்னியில் அவ்விரு சொல்லையும் சேர்த்துச் சொல்லும் கோவூர்கிழார்கள் போதவில்லை. அரசைப் பற்றி மட்டும் பேசியோர் உண்டு. புலிகளைப் பற்றி மட்டும் பேசியோர் உண்டு. நடுவில் பாலின்றி அலறிய குழந்தையின் பக்கம் நின்றோர் சிலரே.

போனோரும் ஆக்கப்பட்டோரும்

ஆயினும் ஒரு களத்தில் எளிய மக்கள் அரசைச் சொல்லால் வென்றிருக்கின்றனர். போரிலும் போரின் முடிவிலும் மறைந்துபோனோர்க்காக இலங்கை அரசு 2016-இல் சட்டம் செய்து ஓர் அலுவலகம் அமைத்தது. அதன் பெயர் 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்'. தாய்மார்கள் அப்பெயரை ஏற்கவில்லை. 'எங்கள் பிள்ளைகள் காணாமல் போகவில்லை. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டனர்' என்றனர்.

இந்த வேறுபாட்டை நோக்குங்கள். 'போனோர்' என்றால் போனவனே எழுவாய். திருவிழாவில் வழி தவறிய குழந்தைபோல அவனே எங்கோ போய்விட்டான், எவர்மேலும் குற்றமில்லை. 'ஆக்கப்பட்டோர்' என்பது செயப்பாட்டுவினை. அது தனித்து நிற்காது; எவரால் என்று மூன்றாம் வேற்றுமை உருபைக் கேட்டு வாங்கும். கையில் படையோ பொருளோ இல்லாத தாய்மார், மூன்றாம் வேற்றுமை ஒன்றைக்கொண்டே ஓர் அரசைக் கூண்டில் நிறுத்திவிட்டனர்! 2017 பிப்பிரவரி 20-இல் கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் அருகே அவர்கள் தொடங்கிய தொடர்போராட்டம் ஆண்டுகள் பலவற்றைக் கடந்தது. மகனைத் தேடியபடியே அவர்களுள் பலர் மறைந்தும் விட்டனர்.

மே 18-ஐ ஒட்டி அம்மக்கள் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி வழங்குகின்றனர். இறுதி நாள்களில் உயிரைப் பிடித்துவைத்த அரிசிக்கஞ்சியின் நினைவு அது. 2024 மே திங்களில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் அக்கஞ்சியை வழங்கியதற்காகப் பெண்களைக் காவல்துறை சிறைப்பிடித்தது. வெற்றித்தூண்கள் நாட்டிய அரசு ஒரு வாய்க் கஞ்சிக்கு ஏன் அஞ்ச வேண்டும்? தூணுக்கு அரசு பெயர் வைத்தது; கஞ்சிக்கு மக்கள் பெயர் வைத்தனர். மக்கள் வைத்த பெயரை எந்தச் சட்டத்தாலும் எடுத்துவிட முடியாது.

நாம் செய்ய வேண்டுவன

பெருமக்களே! இனி எந்நாட்டுப் போரைப் பற்றிய செய்தி வந்தாலும், இங்குள்ள ஒவ்வொருவரும் மூன்று பயிற்சிகளைக் கைக்கொள்ள வேண்டுகின்றேன்.

முதலாவது, அரசு தரும் பெயரை எளிய தமிழில் பெயர்த்துப் பாருங்கள். பெயர்த்தபின்னும் அது நிற்குமாயின் ஏற்றுக்கொள்ளுங்கள்; முரண்பட்டு நகைப்புக்கு இடமாகுமாயின் தள்ளுங்கள்.

இரண்டாவது, எழுவாயைக் கேளுங்கள். 'தாக்குதல் நடந்தது' என்று நம் செய்தித்தாள் எழுதினால், எவர் தாக்கினர் என்று அவ்விதழுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். தாக்கியவர் நம்மவராயினும் கேளுங்கள்.

மூன்றாவது, எண்ணைக் காப்பாற்றுங்கள். சினத்தில் எண்ணைப் பெருக்கிச் சொல்லாதீர்கள்; அச்சத்தில் குறைத்துச் சொல்லாதீர்கள். ஆயர் போட்ட கழித்தல் கணக்குப்போல, எவரும் சரிபார்க்கக்கூடிய எண்ணை மட்டும் சொல்லுங்கள். மிகைப்படுத்திய ஒரே ஓர் எண், மெய்யான ஆயிரம் சாவுகளையும் பொய்யாக்கிவிடும்.

சிலப்பதிகாரப் புகார் நகரிலும் ஒரு பட்டினப்பாக்கம் இருந்தது. கடலை ஒட்டி மருவூர்ப்பாக்கமும், அதனை அடுத்துப் பட்டினப்பாக்கமும் என்று நகரமே இரண்டாயிருந்தது. அந்நகரத்து மன்றங்கள் ஐந்தனுள் ஒன்று பாவை மன்றம். அரசன் கோல் கோடினாலும், அறங்கூறு அவையத்தார் ஒருபக்கம் சாய்ந்தாலும், அங்குள்ள பாவை வாய்திறந்து ஒன்றும் உரையாதாம். கண்ணீர் மட்டும் சொரியுமாம். 2009-இல் தமிழகத்து மக்களுள் பலர் அந்தப் பாவைபோல் நின்றோம். கல்லுக்குக் கண்ணீர் போதும். நாவும் இலக்கணமும் உடைய மாந்தர்க்கு அது போதாது.

எழுவாயோடு பேசுவோம்.